பக்கம் மாறினால் குறி மாறுமா?

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகப் போற்றும் மரபில் வந்தவர்கள் நாம். தமிழ்ப் பள்ளியின் ஆண்டு மலரிலே எழுத்தைப் பற்றிய கட்டுரைகளே பெரும்பாலும் இடம்பெறுவது வழமை. இம்முறை மற்றைய கண்ணாகிய எண்ணைப் பற்றிச் சில சொல்ல விழைகின்றோம். எண்ணும் எழுத்தும் ஒன்றுகூடும் இடமே அட்சரகணிதம். அட்சரம் என்றால் எழுத்து. தெரியாத எண்ணொன்றின் இடத்தில் ஓர் எழுத்தை நிறுத்திக் கணக்கைச் செய்வதால் இப்பெயர் வந்தது. தமிழகத்தார் இதனை இயற்கணிதம் என்பர்.

வன்னியிலே ஏழு ஆண்டுகள் கணித ஆசிரியராகப் பணியாற்றிய நாம், 2009 ஆம் ஆண்டின் பேரழிவுக்குப் பின் ஏதிலியாக ஐக்கிய அமெரிக்காவை வந்தடைந்தோம். பகலிற் பண்டகசாலை வேலை. மாலையில், நியூ யோர்க் நகரை அண்டிய சமுதாயக் கல்லூரி ஒன்றின் கணித உதவி நிலையத்திற் சில ஆண்டுகள் பகுதிநேரமாகக் கற்பித்தோம். கற்பிக்கச் சென்ற நாம் அங்கே கற்றுக்கொண்டதையே இங்கு எழுதுகின்றோம்.

சமுதாயக் கல்லூரியும் அதன் முதற் படியும்

நாம் அன்றாடப் பேச்சில் கொமியூனிற்றி கொலிஜ் என்று சொல்லும் இக்கல்லூரிகள் பெரும்பாலும் ஈராண்டுப் படிப்பை வழங்குபவை. இல்லினோய் மாநிலத்தின் ஜோலியற் நகரில் 1901 இல் தொடங்கிய கல்லூரியே அரசு சார்ந்த இத்தகைய கல்லூரிகளுள் இன்றும் இயங்குவனவற்றில் மிகப் பழையது. கட்டணம் குறைவு, வயது வரம்பு இல்லை. வேலை செய்வோர், பிள்ளை வளர்ப்போர், புதிதாகக் குடிவந்தோர் எனப் பலருக்கும் இவை வாயில் திறந்து வைத்திருக்கின்றன.

ஆனால் வாயிலைத் தாண்டியதும் ஒரு படி இருந்தது. சேரும்போது வைக்கப்படும் தேர்விற் குறைந்த புள்ளி பெற்றவர், கல்லூரிக் கணிதத்துக்கு முன்னர் ‘வளர்நிலைக் கணிதம்’ என்னும் ஆயத்த வகுப்புகளைப் படிக்க வேண்டும். எண்கணிதம், தொடக்க அட்சரகணிதம், இடைநிலை அட்சரகணிதம் என அவை ஒன்றன்பின் ஒன்றாக நீளும். பணம் கட்டவேண்டும், ஆனால் பட்டத்துக்குரிய புள்ளியாக அவை கணக்கிற் சேரா. 2010 இல் வெளியான ஆய்வொன்று, இவ்வரிசைக்கு அனுப்பப்பட்டவர்களுள் ஏறக்குறைய மூன்றில் ஒருவரே அதனை முடித்தனர் என்று காட்டியது. தாதியாகவோ கணக்காளராகவோ வர எண்ணிப் புறப்பட்ட பலரின் பயணம் அந்த முதற் படியிலேயே நின்றுபோயிற்று.

எம்மைத் திருத்திய விடை

எம்மிடம் வந்தோருள் ஒரு தமிழ்ச் சகோதரியும் இருந்தார். வயது நாற்பதை நெருங்கியிருந்தது. இடப்பெயர்வினால் ஒன்பதாம் வகுப்போடு படிப்பை இழந்தவர். இங்கு வந்து, உயர்நிலைப் பள்ளிக் கல்விக்கு நிகரான பரீட்சையிற் சித்தியடைந்து, முதியோர் இல்லத்தில் வேலை செய்தவாறே தாதியர் படிப்புக்கு முயன்றார். தொடக்க அட்சரகணிதத்தில் இருமுறை தவறியிருந்தார். “சேர், எனக்குக் கணக்கு மூளை இல்லை. இந்த முறையும் தவறினால் விட்டிடுவன்” என்றார்.

2ம + 7 = 19 என்னும் சமன்பாட்டைக் கொடுத்தோம். கல்லூரியில் ‘எக்ஸ்’ என்று எழுதுவதை இங்கே ‘ம’ என்று எழுதுகின்றோம். 7 ஐ மறுபக்கம் கொண்டுசென்று, 2ம = 12 என்று சரியாகவே எழுதினார். அடுத்த வரியிலே, ம = 12 ÷ (−2) = −6 என்று எழுதினார்.

ஏன் மறைக்குறி இட்டீர்கள் என்று கேட்டோம். “நீங்கள்தானே சேர் சொன்னீங்கள், பக்கம் மாறினால் குறி மாறும் எண்டு!”

நாம் வாயடைத்துப் போனோம். அவர் விதியை மீறவில்லை. நாம் சொன்ன விதியை அப்படியே கடைப்பிடித்திருந்தார். 7 பக்கம் மாறியபோது கூட்டல் கழித்தலாயிற்று. ஆகவே 2 பக்கம் மாறும்போதும் குறி மாறத்தானே வேண்டும்? வன்னியிலே நாற்பது பிள்ளைகளை ஒரே குரலில் ஒப்புவிக்கச் செய்த விதி அது. அன்று பிழையான விடை எழுதிய பிள்ளைகளை ‘கவனக் குறைவு’ என்று கடிந்துகொண்டதும் நினைவுக்கு வந்தது.

உண்மையில், சமன்பாட்டில் எதுவும் பக்கம் மாறுவதில்லை. அது ஒரு தராசு. இடத்தட்டில் ஒரே நிறையுள்ள இரண்டு பைகளும் 7 இறாத்தற் படியும் உள்ளன. வலத்தட்டில் 19 இறாத்தல். இரு தட்டிலிருந்தும் 7 ஐ எடுத்தால் தராசு சமநிலையிலேயே நிற்கும். இரண்டு பைகளின் நிறை 12 என்றால், இரு தட்டையும் பாதியாக்க ஒரு பை 6 ஆகும். கூட்டியதைக் கழித்து நீக்குகின்றோம். பெருக்கியதை வகுத்து நீக்குகின்றோம். குறி மாறுவதாகத் தோன்றுவது இதன் நிழலே.

விடையைச் சரிபார்க்கவும் அன்று பழக்கினோம். −6 ஐ ம வின் இடத்தில் வைத்தால் −12 + 7 = −5; 19 வரவில்லை. 6 ஐ வைத்தால் 12 + 7 = 19. ஆசிரியரின் தயவின்றித் தமது விடை சரியென்று தாமே அறிந்த அந்தக் கணத்தில் அவர் முகம் மலர்ந்தது.

இடறும் இடங்கள்

அதன்பின் ஒவ்வொரு பிழையையும் ஒரு செய்தியாகவே வாசிக்கத் தொடங்கினோம். அடிக்கடி கண்ட மூன்றைச் சொல்வோம்.

முதலாவது, சமக்குறி. 8 + 4 = □ + 5 என்று எழுதி, பெட்டியில் என்ன வரும் என்று கேட்டால், பலர் 12 என்பர். சமக்குறியை ‘இனி விடையை எழுது’ என்னும் கட்டளையாக அவர்கள் கொள்வதே காரணம். அதன் பொருள் ‘இருபுறமும் ஒரே பெறுமதி’ என்பதாகும். ஆகவே விடை 7.

இரண்டாவது, அடைப்புக்குறி. 3(ம + 4) என்பதை 3ம + 4 என்று எழுதுவர். மூவர் உணவுக் கடைக்குச் செல்கின்றனர். ஒவ்வொருவரும் ம டொலருக்கு ஒரு சோற்றுப் பொதியும் 4 டொலருக்கு ஒரு பானமும் வாங்குகின்றனர். செலவு 3ம + 12. வெறும் 4 ஐக் கூட்டினால் இருவர் பானமின்றி இருக்கவேண்டும்.

மூன்றாவது, வர்க்கம். (ம + 3) இன் வர்க்கத்தை, ம வின் வர்க்கத்தோடு 9 ஐக் கூட்டியது என்று எழுதுவர். ம = 1 என்று கொண்டால் உண்மையான விடை 16; அவர்கள் முறையில் 10. சதுரக் காணி ஒன்றின் நீளத்தையும் அகலத்தையும் 3 அடி கூட்டிப் படம் வரைந்தால், மூலையிலுள்ள 9 சதுர அடியோடு, பக்கங்களில் 3ம அளவான இரண்டு துண்டுகளும் சேர்வது கண்ணுக்குத் தெரியும். மறந்துபோனது அந்த 6ம தான்.

கல்லூரிகள் மாறிய விதம்

கல்லூரிகளும் தம் வழியை மீளாய்வு செய்தன. நியூ யோர்க் நகரப் பல்கலைக்கழகத்தின் மூன்று சமுதாயக் கல்லூரிகளில், 2013 இல், தொடக்க அட்சரகணிதம் தேவை என்று கணிக்கப்பட்ட ஏறக்குறைய 900 மாணவர் குலுக்கல் முறையில் மூன்று பிரிவாக்கப்பட்டனர். 2016 இல் முடிவு வெளிவந்தது. வழமையான ஆயத்த வகுப்பிற் சித்தியடைந்தோர் நூற்றுக்கு 39 பேர். அவ்வகுப்போடு வாராந்த உதவி அமர்வும் பெற்றோருள் 45 பேர். நேரடியாகக் கல்லூரிப் புள்ளியியலை உதவி அமர்வுடன் படித்தோருள் 56 பேர். கலிபோர்னியா 2017 இற் சட்டமியற்றி, உயர்நிலைப் பள்ளிப் பெறுபேறுகளையும் கருத்திற்கொள்ள வைத்தது. நியூ யோர்க் நகரப் பல்கலைக்கழகம் 2022 உடன் தனித்த ஆயத்த வகுப்புகளைக் கைவிட்டது.

இதனால் அட்சரகணிதம் வேண்டாததாயிற்று என்று கொள்ளலாகாது. மாணவரை வாயிலில் நிறுத்தாமல், உள்ளே அழைத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய உதவியைக் கொடுப்பதே மாற்றம். தாதி ஒருவர், 5 மில்லிலீற்றரில் 125 மில்லிகிராம் உள்ள திரவ மருந்திலிருந்து 200 மில்லிகிராம் கொடுக்க வேண்டுமானால், ம ÷ 5 = 200 ÷ 125 என்று அமைத்து, 8 மில்லிலீற்றர் என்று காணவேண்டும். அங்கே பிழை விட்டால் நோயாளியே துன்புறுவார்.

எமது சகோதரி மூன்றாம் முறை சித்தியடைந்தார். மிக உயர்ந்த புள்ளியல்ல, போதுமான புள்ளி. பின்னர் தாதியர் படிப்பிற் சேர்ந்து, மேற்படி மருந்துக் கணக்கைத் தாமே எமக்கு விளக்கிக் காட்டினார்.

பெற்றோரே, ‘எங்கள் பிள்ளைக்குக் கணக்கு வராது’ என்று பிள்ளையின் காதுபடச் சொல்லாதீர்கள். பிழையைக் கண்டதும், ‘எப்படி யோசித்து இதை எழுதினாய்?’ என்று தமிழிலேயே கேளுங்கள். கணிதம் அறியாத தாயும் தந்தையும்கூட இக்கேள்வியைக் கேட்கலாம். மாணவச் செல்வங்களே, விதியொன்றைச் சொல்லித் தரும் ஆசிரியரிடம் ‘ஏன்?’ என்று கேட்கத் தயங்காதீர்கள். அந்தக் கேள்வியை எவரும் எம்மிடம் கேளாததாலேயே நாம் பல்லாண்டுகள் அரைகுறையாகக் கற்பித்தோம்.

சனிக்கிழமைகளில் தமிழ் வகுப்பு முடிந்தபின் அரை மணிநேரம் வகுப்பறையிலேயே இருப்போம். பிழையான விடை எழுதிய தாள்களையும் தயங்காது கொண்டு வாருங்கள்.