சினைக்குள் துடிக்கும் இதயம்

மீன் வெட்டும்போது சினை கிடைத்தால் அதைத் தனியே எடுத்துப் பொரிக்காத உம்மாமார் உண்டா? பிள்ளைகள் சண்டை பிடிப்பதும் அதற்குத்தான். ஆனால் "இந்த மணி எப்படி உம்மா மீனாகிறது?" என்று ஒரு பிள்ளை கேட்டால் என்ன சொல்வீர்கள்? சொல்ல வேண்டாம், காட்டிவிடுங்கள். வேலணையில் உங்கள் வீட்டு விறாந்தையிலேயே மூன்று நாளில் காட்டிவிடலாம்.

சட்டிக்கு வந்த சினை இதற்கு உதவாது. அது கருக்கட்டாத முட்டை. நுளம்புக்காகத் தொட்டியில் விடும் கப்பியும் சரிவராது, அது குட்டி போடும் இனம். அலங்கார மீன் கடையில் 'சீப்ரா' என்று கேளுங்கள். உடல் நெடுக நீலக்கோடு ஓடும் சிறுமீன் அது. கங்கைப் பகுதி மீன்களைப் பற்றி 1822இல் நூல் எழுதிய பிரான்சிஸ் ஹமில்டன் இதையும் அதில் வர்ணித்திருக்கிறார். அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தில் ஜோர்ஜ் ஸ்ட்ரைசிங்கர் இதை ஆராய்ந்து 1981இல் வெளியிட்ட முடிவுகளுக்குப் பிறகு உலகின் பல ஆய்வுகூடங்களில் இது குடியேறிவிட்டது. இதன் முட்டை கண்ணாடிபோல் தெளிவானது என்பது அதற்கு ஒரு முக்கிய காரணம்.

மாலையில் ஆணையும் பெண்ணையும் ஒரு தொட்டியில் விட்டு, அடியில் கண்ணாடிக் குண்டுகளைப் பரப்பி வையுங்கள். இவை தாம் இட்ட முட்டையைத் தாமே தின்றுவிடும். குண்டுகளின் இடுக்கில் விழுந்தவைதான் தப்பும். விடிந்து வெளிச்சம் பட்டதும் முட்டையிடும். அவற்றை உறிஞ்சி எடுத்து, சுத்தமான நீருள்ள கண்ணாடிக் கிண்ணத்தில் இடுங்கள்.

தீவில் பெரிய சிக்கல் தண்ணீர்தான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உவர்க்கிணற்று நீர் வேண்டாம். நல்ல தண்ணீர்க் கிணற்று நீரோடு மழைநீரைக் கலந்து கொள்ளலாம். குளோரின் கலந்த குழாய்நீரென்றால் ஒருநாள் திறந்து வைத்த பிறகே பாவியுங்கள். வெப்பத்தைப் பற்றிக் கவலை இல்லை. குளிர்நாட்டு ஆய்வுகூடங்கள் 28 பாகை செல்சியசை மின்சாரம் செலவழித்துக் காக்கின்றன. நமக்கு நிழல் போதும். சித்திரை வெயிலில் மட்டும் கவனம்.

பள்ளிக்கூட நுணுக்குக்காட்டி கிடைத்தால் அதன் மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் பாருங்கள். முட்டையின் விட்டம் ஒரு மில்லிமீற்றருக்கும் குறைவு. ஆனாலும் மேலே மூடி வைத்து நசுக்கிவிடாதீர்கள். நுணுக்குக்காட்டி இல்லையா? பத்து மடங்கு பெருக்கும் கைவில்லையே பாதிக்கு மேல் காட்டிவிடும்.

முட்டையிட்ட முக்கால் மணித்தியாலத்தில் ஒரு கலம் இரண்டாகும். பிறகு ஏறத்தாழக் கால் மணித்தியாலத்துக்கு ஒருமுறை நான்கு, எட்டு, பதினாறு. தேநீர் ஊற்றிவிட்டு வருவதற்குள் எண்ணிக்கை மாறியிருக்கும்! மூன்று மணித்தியாலத்தில் ஆயிரம் கலங்கள் அளவில் வந்துவிடும். பத்து மணித்தியாலத்தில் முளையம் மஞ்சட்கருவைப் போர்த்தி முடிக்கும். இரவில் முதுகுத் தசைக் கட்டுகள் ஒவ்வொன்றாய் அடுக்கப்படும், வால் உதறத் தொடங்கும்.

மறுநாள் காலை, அதாவது 24 மணித்தியாலம் கழிந்ததும், பிள்ளைகளைக் கூப்பிடுங்கள். மஞ்சட்கருவின் மேல் மெல்லிய குழாய் ஒன்று துடித்துக்கொண்டிருக்கும். அதுதான் இதயம். இன்னும் சில மணித்தியாலத்தில் குருதிக் கலங்கள் வரிசையாய் ஓடுவது தெரியும். பெரியவர்களும் அங்கே வாயடைத்துப்போய் நிற்பார்கள். இரண்டாம், மூன்றாம் நாளில் கோதை உடைத்து வெளியே வரும். ஐந்தாம் நாள் அளவில் நுண்ணிய இரை கொடுக்க வேண்டும்.

எல்லா முட்டையும் பிழைக்காது. வெள்ளையாய்ப் பூத்தவை செத்தவை. உடனே அகற்றாவிட்டால் அவற்றில் பிடிக்கும் பூஞ்சணம் மற்றவற்றையும் கெடுக்கும். எத்தனை இட்டது, எத்தனை பொரித்தது என்று பிள்ளைகளையே கொப்பியில் எழுதச் சொல்லுங்கள். வளர்ந்த மீன்களைக் குளத்திலோ கேணியிலோ விட விடாதீர்கள். அவை நம் நீர்நிலைக்கு அந்நியம்.

அந்தக் கணக்குக் கொப்பியோடு ஒருநாள் கடற்கரைக்கும் போய் வாருங்கள். நாம் விரும்பி உண்ணும் முரல் மீனின் முட்டைகளில் நூல்போன்ற இழைகள் உண்டு. அந்த இழைகளால்தான் அவை கடற்புல்லில் தொங்கி நின்று பொரிக்கின்றன. கடலடியை வாரிச்செல்லும் இழுவைமடி அந்தப் புல்லையே பிடுங்கிவிடுகிறது. இலங்கை 2017இல் அதைச் சட்டத்தால் தடைசெய்தது. ஏன் தடைசெய்தார்கள் என்று இதயம் துடித்ததைக் கண்ட பிள்ளையிடம் கேட்டுப் பாருங்கள்.