ஆவணமற்ற சில்லில் லினக்ஸ்

ஆண்ட்ராய்டு டேப்லெட் ஒவ்வொன்றின் அடியிலும் லினக்ஸ் கெர்னல், அதாவது வன்பொருளை நேரடியாக ஆளும் மைய நிரல், ஏற்கெனவே இயங்கிக்கொண்டிருக்கிறது. ஆயினும் மேசைக்கணினிக்குரிய முழு லினக்ஸை அதில் நிறுவுவது எளிதன்று. மேசைக்கணினி தன் உறுப்புகளின் பட்டியலை இயங்குதளத்திடம் தானே ஒப்படைக்கும்; மலிவு டேப்லெட்டில் அந்த ஏற்பாடு இல்லாததால், தொடுதிரை எந்த மின்முனையில் இணைந்துள்ளது, திரைக்கு மின்சாரம் எவ்வழி வருகிறது என்பனவற்றையெல்லாம் ‘டிவைஸ் ட்ரீ’ என்னும் விவரக்கோப்பாக யாரேனும் எழுதித் தரவேண்டும். தயாரிப்பாளர் அதை வெளியிடாதபோது, கருவியின் நடத்தையிலிருந்தே அதன் அமைப்பைக் கண்டறியும் பின்னோக்குப் பொறியியலே எஞ்சும் வழி.

சீனாவின் சூஹாய் நகரைச் சேர்ந்த ஆல்வின்னர் நிறுவனத்தின் ஏ10, ஏ13 சில்லுகள் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. இவை மின்சாரம் கிடைத்ததும் முதலில் எஸ்டி அட்டையையே நாடுவதால், உள்ளிருக்கும் ஆண்ட்ராய்டைத் தொடாமல் லினக்ஸை அட்டையிலிருந்தே சோதித்துப் பார்க்க முடிந்தது. ‘லினக்ஸ்-சன்சி’ என்ற தன்னார்வக் குழு வளர்ந்ததில் இந்த வசதிக்குப் பெரும் பங்குண்டு. டேப்லெட்டிலேயே இருந்த அமைப்புக் கோப்பைப் படிக்கத்தக்க எழுத்தாக மாற்றியதும் மின்முனை விவரங்களில் பெரும்பகுதி கிடைத்துவிட்டது.

ஆனால் இச்சில்லுகளிலுள்ள வரைகலைப் பகுதியான மாலி-400 அவ்வாறு வழிவிடவில்லை. அதன் கெர்னல் பகுதி திறந்த மூலமாக இருந்தும், படத்தை உண்மையில் உருவாக்கும் நூலகம் மூடிய இருமக் கோப்பாகவே வழங்கப்பட்டது. பாதித் திறப்பு என்பது இத்துறையில் பெரும்பாலும் மூடலுக்கு நிகர்தான். லிமா என்னும் திட்டத்தை 2012இல் பிரஸ்ஸல்ஸ் நகரின் ஃபோஸ்டெம் மாநாட்டில் அறிமுகப்படுத்திய லுக் வெர்ஹேகன், மூடிய நூலகத்துக்கும் கெர்னலுக்கும் இடையே ஒரு கண்காணிப்பு நிரலைச் செருகி, ஒரு முக்கோணத்தை வரையும்போது நினைவகத்தில் எழுதப்படுவனவற்றைப் பதிவுசெய்யும் முறையைக் கையாண்டார். நிறத்தையோ அளவையோ மட்டும் மாற்றி மீண்டும் வரையும்போது மாறும் எண்களே அவற்றுக்குரிய கட்டளைகளை அடையாளம் காட்டின. அக்கட்டளைகளை மூடிய நூலகத்தின் துணையின்றித் தாமே சில்லுக்கு அனுப்பி, அதே படம் வந்தால் ஊகம் சரியென்று கொள்ளப்பட்டது. 2013இல் க்வேக் 3 விளையாட்டு இவ்வழியில் ஓடிக் காட்டியது. பின்னர் நெடுங்காலம் தேங்கிய பணியைப் பிறர் எடுத்து முடிக்க, 2019இல் வெளிவந்த லினக்ஸ் 5.2இல்தான் லிமா அதிகாரபூர்வமாக இடம்பெற்றது.

ஏ13 டேப்லெட்டுகளில் பெரும்பாலும் 512 மெகாபைட் நினைவகமே இருப்பதால், எழுதுவதற்கும் முனையத்தில் பணிபுரிவதற்கும் அவை போதுமாயினும், இன்றைய இணைய உலாவி ஒன்றே அவ்விடம் முழுவதையும் நிரப்பிவிடும்.