கணக்கு முடக்கப்படும் எனக் கூறும் மின்னஞ்சல்கள்

"உங்கள் மின்னஞ்சல் பெட்டி நிரம்பிவிட்டது, 24 மணித்தியாலங்களுக்குள் உறுதிப்படுத்தாவிடின் கணக்கு முடக்கப்படும்." இத்தகைய மடலொன்றை மருதமுனை முதல் பொத்துவில் வரை இணையத்தைப் பயன்படுத்துவோருள் பெறாதவர் சிலராகவே இருப்பர். சில வேளை அது தொலைபேசி நிறுவனத்தின் பெயரில் வருகின்றது. சில வேளை வங்கியின் பெயரில். 2024 ஆம் ஆண்டில், பொதியொன்று வந்திருப்பதாகவும் முகவரி பூரணமற்றிருப்பதாகவும் சிறு தொகையொன்றைச் செலுத்தினால் போதுமெனவும் தபால் திணைக்களத்தின் பெயரால் செய்திகள் பரவின. திணைக்களமே முன்வந்து அவை தன்னுடையவை அல்லவென மக்களை எச்சரிக்க வேண்டியதாயிற்று. கேட்கப்படும் தொகை அற்பமானதே. ஆயினும் அதைச் செலுத்துவதற்காக நாம் தட்டச்சுச் செய்யும் அட்டை இலக்கமே மோசடிக்காரர் நாடும் பொருளாகும்.

1990களின் நடுப்பகுதியில் அமெரிக்கா ஒன்லைன் நிறுவனத்தின் பணியாளரைப் போல நடித்து அதன் வாடிக்கையாளரிடம் கடவுச்சொற்களைக் கறந்த காலத்திலேயே இம்மோசடிக்கு 'பிஷிங்' என்ற பெயர் வழங்கலாயிற்று. மீன்பிடியை நினைவூட்டும் அச்சொல்லைக் கடலை நம்பி வாழும் எமது கரையோர மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எனினும் இதனைத் தூண்டில் என்பதிலும் கரைவலை என்பதே பொருத்தமாகும். இலட்சக்கணக்கானோருக்கு ஒரே மடல் அனுப்பப்படுகின்றது. அகப்பட்டவை கரைக்கு இழுக்கப்படுகின்றன. ஆளறிந்து போடப்படும் தூண்டில்களும் உண்டு. அவை இதனினும் ஆபத்தானவை.

இம்மோசடிக்கு எமது துயரமும் இரையாகப் பயன்பட்டதை இங்கு நினைவுகூர வேண்டியுள்ளது. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலையில் இலங்கையில் அதிக உயிர்களை இழந்த மாவட்டம் அம்பாறையே. கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைக் கரைகளில் ஜனாஸாக்களை அடக்கிய கைகள் ஓயுமுன்னரே, நிவாரணத்திற்கு நிதி திரட்டுவதாகப் போலி இணையத்தளங்களும் மின்னஞ்சல்களும் உலகெங்கும் உலாவந்தன. 2005 ஜனவரியில் அமெரிக்கப் புலனாய்வுத் துறையான எப்.பி.ஐ. இது குறித்து அந்நாட்டு மக்களை எச்சரித்தது.

எழுத்துப் பிழைகளைக் கொண்டு போலியை இனங்காணலாம் என நீண்டகாலமாகச் சொல்லப்பட்டு வந்தது. அதில் உண்மை இல்லாமலில்லை. பங்களாதேஷ் மத்திய வங்கியின் கணினிகளுக்குள் வேலை விண்ணப்பம் போன்ற மின்னஞ்சல்கள் வழியே ஊடுருவியவர்கள், 2016 பெப்ரவரியில் பெருந்தொகைப் பணத்தை அயல்நாடுகளுக்கு மாற்றக் கட்டளையிட்டனர். அதில் 20 மில்லியன் டொலர் இலங்கையிலுள்ள அமைப்பொன்றின் கணக்கிற்கு வரவிருந்தது. 'பவுண்டேஷன்' என்ற சொல்லைப் 'பண்டேஷன்' எனப் பிழையாக எழுதியிருந்தமையால் இடைநிலை வங்கியொன்று ஐயுற்று வினவ, அப்பணம் தப்பியது. பிலிப்பைன்ஸுக்கு அனுப்பப்பட்ட 81 மில்லியன் டொலர் தப்பவில்லை. ஆனால் ஆங்கிலத்தைப் பள்ளிக்கூடத்தில் மட்டும் கற்ற எம்மவருள் எத்தனை பேர் அப்பிழையைக் கண்டிருப்பர்? செயற்கை நுண்ணறிவின் துணையோடு பிழையற்ற ஆங்கிலத்தை, ஏன், பிழையற்ற தமிழையும் எவரும் எழுதிவிடக்கூடிய இந்நாளில் அந்த அடையாளமும் கைநழுவிவிட்டது.

ஆகவே மடலின் மொழியை விட அதிலுள்ள இணைப்பின் முகவரியையே நோக்க வேண்டும். அதை வாசிக்கும் முறை எமது பிள்ளைகளுக்குப் புதிதன்று. குர்ஆன் மத்ரஸாவில் வலமிருந்து இடமாக ஓதப் பழகியவர்கள் அவர்கள். இணைய முகவரியையும் அவ்வாறே வாசித்தல் வேண்டும். தொடக்கத்திலுள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிட்டு, அதன்பின் வரும் முதலாவது ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டறிந்து, அங்கிருந்து இடப்புறமாக நகர வேண்டும். சாய்கோடு இல்லையெனில் முகவரியின் இறுதியிலிருந்தே தொடங்கலாம். 'டயலொக் டொட் எல்கே' என முடிந்தால் அது அந்நிறுவனத்தின் முகவரி. 'டயலொக் டொட் எல்கே டொட் வெரிபை டொட் கொம்' என்றிருப்பின், அதன் உரிமையாளர் 'வெரிபை டொட் கொம்' என்பதைப் பதிவு செய்துகொண்ட யாரோ ஒருவர். முன்னால் நிற்கும் டயலொக் என்பது வெறும் அலங்காரப் பலகை. எல் என்ற ஆங்கிலச் சிற்றெழுத்தின் இடத்தில் 1 என்ற இலக்கமும், எம் என்பதன் இடத்தில் ஆர், என் ஆகிய இரண்டும் நெருக்கமாக நிற்பதும் உண்டு. கைபேசியின் சிறு திரையில் இவற்றை வேறுபடுத்துவது கடினம்.

அனுப்புநர் என மேலே தோன்றும் பெயரை அனுப்புபவர் தாம் விரும்பியவாறு இட்டுக்கொள்ளலாம். அப்பெயரைத் தொட்டால்தான் உண்மையான மின்னஞ்சல் முகவரி தெரியவரும். அதுவும் போலியாக்கப்படக்கூடியதே. பூட்டுச் சின்னத்தை நம்புவோரும் உளர். நாம் அனுப்பும் தகவலை இடையில் எவரும் வாசிக்க முடியாது என்பதையே அது குறிக்கின்றது. மறுமுனையில் இருப்பவர் நேர்மையானவர் என்பதை அன்று.

கற்றோர் இதில் சிக்கார் என எண்ணுவதும் தவறு. 2016 மார்ச்சில் ஹிலாரி கிளின்டனின் தேர்தல் பிரசாரத் தலைவர் ஜோன் பொடெஸ்டாவுக்கு, அவரது கடவுச்சொல் பிறர் கைக்குச் சென்றுவிட்டதாகக் கூகுள் பெயரில் மடல் வந்தது. தொழில்நுட்ப உதவியாளரிடம் கருத்துக் கேட்கப்பட்டது. அவர் கூகுளின் சரியான முகவரியையும் குறிப்பிட்டே பதில் எழுதினார். ஆனால் 'போலியானது' என எழுத எண்ணி 'உண்மையானது' எனப் பொருள்படும் சொல்லை எழுதிவிட்டதாக அவர் பின்னர் கூறினார். அழுத்தப்பட்டதோ போலி மடலிலிருந்த இணைப்பு. ஆயிரக்கணக்கான மடல்கள் களவாடப்பட்டு உலகறிய வெளியாயின.

எமது பிரதேசத்தின் நிலை சற்று வேறானது. கட்டாரிலும் சவூதியிலும் உழைப்பவரின் பணம் வந்து சேரும் கணக்கை ஊரில் மனைவியோ வயதான தாயோ பார்க்கின்றனர். அவர்களுள் பலருக்கு மின்னஞ்சலைத் திறந்து கொடுத்தது அயலிலுள்ள கொமியுனிகேஷன் கடை. கடவுச்சொல் கடைக்காரருக்கும் தெரியும். மீட்பு இலக்கமாகப் பதிவாகியிருப்பதும் அவரது தொலைபேசியாக இருக்கலாம். கடைக்காரர் நல்லவரே எனினும் இவற்றை மாற்றிக்கொள்வது முறை.

வரும் செய்தியைத் தீர விசாரிக்குமாறு சூரத்துல் ஹுஜுராத்தின் ஆறாம் வசனம் பணிப்பதை எமது வாசகர்கள் அறிவர். இங்கே விசாரிப்பது எளிது. மடலிலுள்ள இணைப்பையும் இலக்கத்தையும் விட்டுவிட்டு, மாதாந்தப் பற்றுச்சீட்டிலோ வங்கி அட்டையின் பின்புறத்திலோ அச்சிடப்பட்டுள்ள இலக்கத்திற்கு அழைத்துக் கேட்கலாம். கடவுச்சொல்லையோ கைபேசிக்கு வரும் ஒருமுறைக் குறியீட்டையோ எந்த வங்கியும் மின்னஞ்சலில் கேட்பதில்லை.

ஏமாந்துவிட்டோம் என உணர்ந்தால் வெட்கத்தால் மறைக்கும் ஒவ்வொரு மணித்தியாலமும் மோசடிக்காரருக்கே இலாபம். முதலில் வங்கிக்கு அறிவித்து அட்டையை நிறுத்த வேண்டும். பின்னர் கடவுச்சொல்லை மாற்ற வேண்டும். அதே சொல்லை வேறெங்கும் பயன்படுத்தியிருப்பின் அங்கும் மாற்றுதல் அவசியம். 2006 இல் நிறுவப்பட்ட, 'சேர்ட்' எனப் பரவலாக அறியப்படும் இலங்கை கணினி அவசரத் தயார்நிலைக் குழுவை 101 என்ற இலக்கத்தில் அழைக்கலாம். 2007 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்கக் கணினிக் குற்றச் சட்டத்தின் கீழ் பொலிஸாரிடம் முறையிடவும் முடியும். அவ்வாறு முறையிடுவதற்கு அந்த மடலே முதற் சான்றாகும் என்பதால், ஆத்திரத்தில் அதனை அழித்துவிடலாகாது.