வேகமாய்ப் பறக்கும் ட்ரோன், உடையாத கேமரா!



இந்த மாதக் கேள்வி மும்பை செம்பூரிலிருந்து வந்திருக்கிறது. ஆறாம் வகுப்பு படிக்கும் ஒரு சுட்டிப்பெண் கேட்கிறாள்: “மாமா, ட்ரோன் அவ்வளவு வேகமாகப் பறக்குதே, அதுல இருக்கிற கேமரா உடையாதா? படம் ஏன் ஆடவே மாட்டேங்குது?”

சபாஷ், கண்ணு! நீ கேட்டது ஒரு கேள்வி இல்லை, இரண்டு. கேமரா உடையக்கூடாது என்பது ஒன்று. படம் ஆடக்கூடாது என்பது இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தாலே பாதி விஞ்ஞானி ஆகிவிட்டாய்.

ட்ரோனுக்கும் உன் ஊருக்கும் நெருங்கிய உறவு உண்டு, தெரியுமா? செம்பூரிலிருந்து பவாய் அதிக தூரமில்லை. அங்கே ஐஐடி மும்பையில் படித்த இளைஞர்கள் சிலர் 2007இல் ‘ஐடியாஃபோர்ஜ்’ என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். 2009இல் ‘த்ரீ இடியட்ஸ்’ இந்திப் படம் வந்தது. அதையே தமிழில் ‘நண்பன்’ என்று எடுத்தார்கள். அந்த இந்திப் படத்தில் நான்கு விசிறிகளோடு, கேமராவைச் சுமந்துகொண்டு ஒரு குட்டி ட்ரோன் மேலே எழும்புமே, அது இவர்கள் செய்தது. இந்த நிறுவனம் இன்று நவி மும்பையில் இருக்கிறது. ராணுவத்துக்கும் காவல்துறைக்கும் ட்ரோன் செய்து தருகிறது.

சரி, விஷயத்துக்கு வருவோம். பறக்கும் கேமராவுக்கு நான்கு எதிரிகள். நடுக்கம், காற்று, மோதல், தூசி. ஒவ்வொன்றாகப் பார்ப்போமா?

முதல் எதிரி: நடுக்கம்

பந்தய ட்ரோனின் விசிறி உன் உள்ளங்கை அளவுதான் இருக்கும். ஆனால் முழு வேகத்தில் அது நிமிடத்துக்கு 20,000 சுற்றுக்கும் மேல் சுற்றும். அப்படியானால் ஒரு நொடிக்கு எத்தனை? பென்சிலை எடு, 60ஆல் வகுத்துப் பார். 333 வருகிறதா? கெட்டிக்காரி!

விசிறியின் நுனியில் அரிசி முனை அளவு உடைந்திருந்தாலும் போதும். ஒவ்வொரு சுற்றிலும் அது ட்ரோனை ஒரு இழுப்பு இழுக்கும். நொடிக்கு 333 இழுப்பு என்றால் கேமரா என்ன ஆகும்?

இங்கே இன்னொரு சங்கதியும் இருக்கிறது. பெரும்பாலான ட்ரோன் கேமராக்கள் படம் முழுவதையும் ஒரே நேரத்தில் பிடிப்பதில்லை. மேல் வரியில் தொடங்கி, வரி வரியாகக் கீழே இறங்கிப் பதிவு செய்கின்றன. முதல் வரி பதிந்து கடைசி வரி பதிவதற்குள் கேமரா நடுங்கினால், நேரான கட்டடம்கூடப் படத்தில் நெளிந்து தெரியும்.

நம்ப முடியவில்லையா? பகலில் ஜன்னலோரம் மேசை விசிறியை ஓடவிடு. சற்றுத் தள்ளி நின்று அம்மாவின் கைபேசியில் அதைப் படம் எடு. இறக்கைகள் படத்தில் கோணலாக வளைந்து தெரியும். இறக்கை வளையவே இல்லை. கேமரா வரி வரியாகப் பார்ப்பதால் வந்த வினை அது.

இந்த நடுக்கத்தை எப்படித் தடுப்பது? ஹாபூஸ் மாம்பழப் பெட்டியை நினைத்துக்கொள். ரத்னகிரியிலிருந்து லாரி குலுங்கிக் குலுங்கித்தான் மும்பைக்கு வருகிறது. ஆனாலும் பழம் அடிபடாமல் வந்து சேருகிறது. ஏன்? பெட்டிக்குள் வைக்கோல் இருக்கிறது. வைக்கோல் நசுங்குகிறது, பழம் நசுங்குவதில்லை.

ட்ரோனில் வைக்கோலின் வேலையைச் செய்வது ரப்பர். ட்ரோனின் உடலுக்கும் கேமராவுக்கும் நடுவே நான்கு சின்ன ரப்பர் உருண்டைகள் இருக்கும். உடல் நடுங்கும்போது ரப்பர் அமுங்கி அமுங்கி எழும். நடுக்கத்தின் ஆற்றலில் பெரும்பகுதி ரப்பருக்குள்ளேயே துளி வெப்பமாக மாறித் தீர்ந்துவிடும். கேமராவுக்குப் போய்ச் சேருவது கொஞ்சம்தான்.

ரப்பர் ரொம்ப மென்மையாக இருக்கலாமா? கூடாது. அப்படி இருந்தால் கேமரா தொங்கி ஆடும். ரொம்பக் கெட்டியாக இருக்கலாமா? அதுவும் கூடாது. நடுக்கம் அப்படியே கடந்துவிடும். கேமராவின் எடைக்கு ஏற்ற ரப்பரைத் தேடிப் பொருத்த வேண்டும். இதுவரை புரிந்ததா? நல்லது.

நடுக்கம் போய்விட்டது. ஆனால் ட்ரோன் திரும்பும்போது சாய்கிறதே, அதற்கு என்ன வழி? இதை உன் உடம்பிலேயே காட்டுகிறேன்.

இந்தப் புத்தகத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, ‘இல்லை’ என்று சொல்வதற்கு ஆட்டுவோமே, அப்படித் தலையை வேகமாக ஆட்டு. எழுத்து தெரிகிறதா? தெரியும். இப்போது தலையை அசைக்காமல், புத்தகத்தை அதே வேகத்தில் ஆட்டு. எழுத்தெல்லாம் கலங்கிவிட்டதா?

ஏன் இந்த வித்தியாசம்? உன் உட்காதில் திரவம் நிறைந்த மூன்று அரைவட்டக் குழல்கள் இருக்கின்றன. தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்று அவை உடனே கண்டுபிடித்துவிடும். கண்ணை அதற்கு எதிர்ப்பக்கம் அதே அளவு திருப்பச் சொல்லி மூளை கட்டளையிடும். அதனால்தான் தலை ஆடினாலும் பார்வை ஆடுவதில்லை.

ட்ரோனில் இதே வேலையைச் செய்யும் கருவிக்குப் பெயர் ‘கிம்பல்’. அதிலுள்ள நுண்சில்லு ஒன்று சாய்வை அளக்கும். மூன்று குட்டி மோட்டார்கள் கேமராவை எதிர்ப்பக்கம் திருப்பும். ஒரு நொடிக்குள் நூற்றுக்கணக்கான தடவை இந்தத் திருத்தம் நடக்கும்.

இரண்டாம் எதிரி: காற்று

வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் தள்ளு விசை எத்தனை மடங்காகும்? ‘இரண்டு’ என்று சொல்லத் தோன்றும். ஆனால் சரியான விடை நான்கு! வேகம் நான்கு மடங்கானால் விசை 16 மடங்கு.

கணக்குப் போட்டே பார்ப்போம். கேமராவின் முகம் ஒரு தீப்பெட்டி அளவு என்று வைத்துக்கொள். மணிக்கு 36 கிலோமீட்டர் வேகத்தில் அதன் மேல் காற்று தள்ளுவது சுமார் 10 கிராம் எடையளவு. மணிக்கு 144 கிலோமீட்டரில் அது சுமார் 160 கிராம்! கிம்பலின் குட்டி மோட்டார்கள் பாவம், எவ்வளவுதான் தாங்கும்?

அதனால் அதிவேக ட்ரோன்களில் கிம்பலையே கழற்றிவிடுகிறார்கள். கேமராவை உடலோடு சேர்த்துப் பொருத்துகிறார்கள். ட்ரோன் எப்படி எப்படிச் சாய்ந்தது என்பதைக் கேமராவே படத்தோடு சேர்த்துக் குறித்து வைக்கும். பிறகு மென்பொருள் அந்தக் குறிப்பைப் பார்த்து, ஒவ்வொரு படத்தையும் எதிர்ப்பக்கம் நகர்த்தி நேராக்கிவிடும்.

இன்னொரு தந்திரமும் இருக்கிறது. வேகமாகப் போகும் ட்ரோன் முன்பக்கம் நன்றாகக் குனிந்து பறக்கும். கேமராவை நேராகப் பொருத்தினால் தரைதான் தெரியும். ஆகவே பந்தய ட்ரோன்களில் கேமராவை 30 முதல் 50 பாகை வரை மேல்நோக்கிச் சாய்த்து வைப்பார்கள். ட்ரோன் குனியும்போது கேமரா நேராகப் பார்க்கும்.

இப்படியெல்லாம் செய்துதான் நெதர்லாந்துக் குழு ஒன்று மணிக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் பறக்கும் ட்ரோனைச் செய்தது. இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் பந்தயத் தடத்தில், ஃபார்முலா ஒன் கார் ஒன்றை அது ஒரு சுற்று முழுவதும் துரத்திப் படம் பிடித்தது. அந்தப் படம் 2024இல் வெளியானது.

மூன்றாம் எதிரி: மோதல்

பந்தய ட்ரோன் மோதாமல் இருக்காது. அதனால் கேமராவைச் சற்று உள்ளே தள்ளி, இரண்டு கரியிழைத் தகடுகளுக்கு நடுவே வைக்கிறார்கள். சரியாக வைத்திருக்கிறார்களா என்று பார்க்க ஓர் அளவுகோல் போதும். இரண்டு தகடுகளின் முன்விளிம்பையும் தொடும்படி அதை வைக்க வேண்டும். அளவுகோல் லென்ஸைத் தொடாவிட்டால் சரி. தொட்டால், சுவரில் முதலில் மோதப்போவது லென்ஸ்தான்.

“இரும்புக் கவசமே போட்டுவிடலாமே மாமா?” என்று கேட்பாய். போடலாம். ஆனால் எடை கூடும். எடை கூடினால் பேட்டரி சீக்கிரம் தீரும். விழும்போது அடியும் பலமாக விழும். அதனால் ட்ரோனின் மேலே தனியாக ஒரு கேமரா ஏற்றினால், அதை வளைந்து கொடுக்கும் ரப்பர் போன்ற பிளாஸ்டிக் கூட்டில் உட்கார வைக்கிறார்கள். கூடு அடியை வாங்கிக்கொள்ளும், கேமரா பிழைக்கும்.

கேமராவை இவ்வளவு அருமையாகப் பார்த்துக்கொள்ள இன்னொரு காரணமும் உண்டு. சில ட்ரோன்களுக்கு அதுதான் வழிகாட்டும் கண். செவ்வாயில் பறந்த ‘இன்ஜெனுவிட்டி’ ஹெலிகாப்டரைக் கேள்விப்பட்டிருப்பாய். அதன் தலைமைப் பொறியாளர் பாப் பலராம் சென்னை ஐஐடியில் படித்தவர். அந்த ஹெலிகாப்டரின் எடை 1.8 கிலோதான். தரையைப் பார்க்கும் கேமரா எடுக்கும் படங்களை வைத்துத்தான் அது வழி கண்டுபிடித்தது.

2021 மே 22இல் அது ஆறாவது முறை பறந்தது. வழியில் ஒரே ஒரு படம் தொலைந்துபோனது. அதன்பின் வந்த படங்களின் நேரக் குறிப்பெல்லாம் தப்பாகிவிட்டது. ஹெலிகாப்டர் முன்னும் பின்னும் தள்ளாடியது. ஆனாலும் பத்திரமாகத் தரையிறங்கியது. ஏனென்றால், கடைசியாக இறங்கும் சில நொடிகளுக்குக் கேமராவை நம்பாமல் இருக்கும்படி பொறியாளர்கள் முன்கூட்டியே அமைத்திருந்தார்கள். பிறகு அது 2024 ஜனவரி வரை உழைத்தது. மொத்தம் 72 முறை பறந்தது!

நான்காம் எதிரி: தூசி

இது சின்ன எதிரி, ஆனால் பொல்லாத எதிரி. மணலில் குவார்ட்ஸ் என்ற கனிமம் இருக்கிறது. அது கண்ணாடியைவிடக் கடினமானது. தூசி படிந்த லென்ஸைச் சட்டை நுனியால் தேய்த்தால் என்ன ஆகும்? நாமே மணலால் கீறியதாகிவிடும். முதலில் தூசியை ஊதித் தள்ள வேண்டும். அப்புறம்தான் மென்மையான லென்ஸ் துணியால் துடைக்க வேண்டும்.

பல கேமராக்களில் லென்ஸுக்கு முன்னால் ஒரு மெல்லிய காப்புக் கண்ணாடி இருக்கும். கீறல் விழுந்தால் அதை மட்டும் மாற்றிவிடலாம். மும்பைக்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஏசி அறையிலிருந்து வெளியே எடுத்த கேமராவை உடனே பறக்கவிடக் கூடாது. கடலோர ஈரக்காற்று பட்டதும் குளிர்ந்த லென்ஸில் நீர் பூக்கும். கொஞ்ச நேரம் பொறுத்து, வெப்பம் சமமான பிறகு பறக்கவிட வேண்டும்.

இப்போது சொல், நான்கு எதிரிகளும் யார் யார்? புத்தகத்தைப் பார்க்காமல் விரல் விட்டுச் சொல். சொல்லிவிட்டாயா? அருமை!

பெரிய பூட்டோ கனத்த கவசமோ கேமராவைக் காப்பாற்றவில்லை, கவனித்தாயா? அமுங்கும் ரப்பர், எதிர்ப்பக்கம் திரும்பும் மோட்டார், வளையும் கூடு. எல்லாமே விட்டுக்கொடுக்கிற பொருள்கள். வேகத்தைத் தாங்குவது முரட்டுத்தனம் இல்லை, அளவான நெகிழ்ச்சி.

கடைசியாக, மாமாவின் கண்டிப்பான பேச்சு ஒன்று. செம்பூரைச் சுற்றி டிராம்பேயின் பாபா அணு ஆராய்ச்சி மையம் இருக்கிறது, எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகள் இருக்கின்றன. விமான நிலையமும் பக்கத்தில்தான். அதனால் மொட்டை மாடியிலிருந்து ட்ரோனை ஏவிப் பார்க்கலாம் என்று ஆசைப்படாதே. நம் நாட்டின் 2021 ட்ரோன் விதிகள் வானத்தைச் சிவப்பு, மஞ்சள், பச்சை என்று பிரித்திருக்கின்றன. சிவப்புப் பகுதியில் அரசின் அனுமதியில்லாமல் பொம்மை அளவு ட்ரோனைக்கூடப் பறக்கவிடக் கூடாது. ட்ரோன் பைலட் சான்றிதழ் வாங்க 18 வயது ஆக வேண்டும்.

அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. அடுத்த முறை அப்பாவோடு ஆட்டோவில் போகும்போது, கைபேசியை உள்ளே இருக்கும் கம்பியில் அழுத்தி வைத்து ஒரு படம் எடு. பிறகு கையில் தளர்வாகப் பிடித்து இன்னொரு படம் எடு. எது அதிகம் நடுங்குகிறது, ஏன் நடுங்குகிறது என்று நோட்டில் எழுது. எழுதியதை உன் அறிவியல் ஆசிரியரிடம் காட்டு. பெரியவளானதும் நீயே ஒரு ட்ரோன் செய்யலாம், கண்ணு!