விருந்தினர் கணினியின் கடிகாரம்



ஒரு பெரிய கணினிக்குள்ளே பல கணினிகள் குடியிருத்தல் கூடும். அவை தனித்தனிப் பொறிகள் அல்ல, மென்பொருளால் அமைந்தவை. அவற்றை மெய்நிகர் கணினிகள் என்பர். இடந்தரும் கணினியைப் புரவலர் என்றும், உள்ளே வாழ்வதை விருந்தினர் என்றும் அழைப்போம்.

விருந்தினருக்கு ஓர் இடர்ப்பாடு உண்டு. புரவலர் அதனைச் சிறிது நேரம் நிறுத்திவைத்துப் பின்னர் மீண்டும் ஓடவிடலாம். இடையே கழிந்த பொழுது அதன் கணக்கில் விடுபட்டுப் போகலாம். பாகூரிலிருந்து வில்லியனூருக்குப் பேருந்தில் செல்லும் ஒருவர் மைல்கற்களை எண்ணி வருகிறார் எனக் கொள்வோம். கண்ணயர்ந்தால் எண்ணிக்கை தவறும். விழித்ததும் செய்யத்தக்கது யாது? நடத்துநரைக் கேட்பதே.

அவ்வாறு புரவலரைக் கேட்பதற்கென லினக்ஸ் இயங்குதளத்தின் உட்கருவாகிய கெர்னலில் ஓர் இயக்கி உண்டு. கே.வி.எம். என்னும் ஏற்பாட்டில் இயங்கும் விருந்தினருக்காக 2017ஆம் ஆண்டின் 4.11ஆம் பதிப்பில் அது சேர்க்கப்பட்டது. வலைப்பின்னல் வழியே சென்று மீளும் தாமதமின்றி அது நேரத்தை அறிந்து தரும்.

கெர்னலை அமைப்போர் ஆயிரக்கணக்கான வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். இந்த இயக்கியை உள்ளேயே சேர்ப்பதா, தனிக்கூறாக வைப்பதா, விலக்குவதா? யாவற்றையும் ஆராய்வோர் சிலரே. ஆராயாதவர்க்காக முன்னரே எழுதிவைத்த விடைக்கு இயல்பிருப்பு என்று பெயர். தேவையற்ற சுமை ஏறலாகாது என்பதால், இயக்கிகள் பலவற்றுக்கு அவ்விடை ‘வேண்டா’ என்பதே. இவ்வியக்கிக்கோ, விருந்தினராக இயங்கும் வசதியும் அதற்கு வேண்டிய பிற பகுதிகளும் சேர்ந்த கெர்னலில், அவ்விடை ‘ஆம்’ என்று அமைந்துள்ளது. விருந்தினராக வாழப்போகும் கணினிக்குப் புரவலரின் நேரம் பயன்படும் அன்றோ!

ஆயினும் இயல்பிருப்பு வாயிலைத் திறந்துவைக்கிறது, அவ்வளவே. க்ரோனி போன்றதொரு மென்பொருள் அந்நேரத்தைப் படித்துக் கடிகாரத்தைத் திருத்த வேண்டும். புரவலரின் கடிகாரமும் செம்மையாக இருத்தல் வேண்டும். நடத்துநரே தவறாகச் சொன்னால் பயணி என் செய்வார்?

இது சிறு செய்தியன்று. கணினிக்குள் திருடன் புகுந்தால், எது முன்னர் நிகழ்ந்தது, எது பின்னர் நிகழ்ந்தது என்பதைப் பதிவேட்டின் நேரமே காட்டும். இதனை உணர்ந்தே, நம் நாட்டின் கணினி அவசரநிலைக் குழுவாகிய செர்ட்-இன், 2022 ஏப்ரல் 28 அன்று ஓர் ஆணை பிறப்பித்தது. தேசியத் தகவலியல் மையம் அல்லது தேசிய இயற்பியல் ஆய்வகம் வழங்கும் நேரத்தோடு, அல்லது அவற்றைப் பின்பற்றும் நேர வழங்கிகளோடு, நிறுவனங்கள் தங்கள் கணினிக் கடிகாரங்களை இணைக்க வேண்டும் என்றது அது.

உங்களிற் சிலர் நாளை இத்தகைய இயல்பிருப்புகளை எழுதக்கூடும். ஒரே எழுத்தில் அடங்கும் விடைதான். எனினும் வினாவையே அறியாத பல்லாயிரவர் அதன்படி நடப்பர். ஆதலின் அதனை எழுதுமுன் ஆராய்ந்து எழுதுக.