மார்பகப் புற்றுநோய் மையத்துக்கு ஆண்டுக்கு எத்தனை நோயாளிகள் வேண்டும்? வல்லக்கோட்டையில் நின்று ஒரு கணக்கு

வல்லக்கோட்டை முருகன் கோயிலைத் தாண்டி எந்தப் பக்கம் போனாலும் தொழிற்சாலைகள்தான். 2024 ஆகஸ்ட்டில் பக்கத்து வல்லம் வடகாலில் திறக்கப்பட்ட பெண் தொழிலாளர் விடுதியில் மட்டும் 18,720 பேர் தங்கலாம். ‘இத்தனை பெண்கள் இருக்காங்களே, மார்பகப் புற்றுநோய்க்குன்னு இங்கேயே ஒரு ஆஸ்பத்திரி திறந்தா என்ன?’ என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனால் கணக்கு போட்டால் விடை வேறு மாதிரி வருகிறது.

விடுதியில் இருப்பவர்கள் பெரும்பாலும் இளம்பெண்கள். அந்த வயதில் இந்நோய் அரிது. கவலைப்பட வேண்டியது நாற்பதைத் தாண்டியவர்களைப் பற்றி: கேன்டீனிலும் துப்புரவிலும் வேலை பார்க்கும் அக்காக்கள், சுற்றுக் கிராமத்து அம்மாக்கள்.

2022இல் இந்தியாவில் சுமார் 1.92 லட்சம் பேருக்குப் புதிதாக மார்பகப் புற்றுநோய் வந்ததாக உலகப் புற்றுநோய் மதிப்பீடு சொல்கிறது. ஒரு லட்சம் பெண்களுக்குத் தோராயமாக 28 பேர். ஐரோப்பிய நிபுணர்கள் 2000இல் வகுத்த வரையறையோ, ஒரு மார்பக மையத்துக்கு ஆண்டுக்குக் குறைந்தது 150 புதிய நோயாளிகள் வேண்டும் என்கிறது. அப்படியானால் ஐந்து லட்சத்துக்கும் அதிகமான பெண்கள் தேவை. பிரிக்கப்பட்ட பிறகான காஞ்சிபுரம் மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையே, 2011 கணக்கெடுப்புப்படி, 11 லட்சத்துக்குச் சற்று அதிகம்தான். நகர்ப்புறத்தில் நோய் விகிதம் கூடுதல் என்பதைச் சேர்த்தாலும், மாவட்டத்துக்கு ஒரு மையம் என்பதே சரியாக வரும்.

எண்ணிக்கை ஏன் முக்கியம்?

முதலில் கைப்பழக்கம். ஒரு அறுவை நிபுணர் ஆண்டுக்கு 50 அறுவை சிகிச்சையாவது செய்ய வேண்டும் என்கிறது அதே வரையறை. அடுத்தது குழு. ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் 1995 முதல் பல துறை மருத்துவர்கள் கூடிப் பேசிச் சிகிச்சையை முடிவு செய்தார்கள். அப்படிச் செய்யாத பக்கத்துப் பகுதிகளைவிட அங்கே மார்பகப் புற்றுநோய் மரணம் 18% குறைவாக இருந்ததாக 2012இல் வெளியான ஆய்வு காட்டியது. அப்படி ஒரு குழுவுக்குச் சம்பளம் கொடுக்க நோயாளிகள் வர வேண்டும்.

பணக் கணக்குக்கு டிராஸ்டுசுமாப் மருந்து நல்ல உதாரணம். ஹெர்-2 வகைப் புற்றுநோய்க்கு மூன்று வாரத்துக்கு ஒருமுறை, உடல் எடையில் கிலோவுக்கு 6 மி.கி. என்று போடுவார்கள். 60 கிலோ பெண்ணுக்கு 360 மி.கி. குப்பியில் இருப்பது 440. கரைத்தபின் குளிர்பதனத்தில் 28 நாள்தான் தாங்கும். மாதம் ஒரே நோயாளி வரும் இடத்தில் மிச்சம் 80 மி.கி. பெரும்பாலும் வீண். அடுத்தடுத்து 11 பேர் வந்தால் ஒன்பதே குப்பி, சொட்டு மிச்சமில்லை. காசு நோயாளியுடையதோ அரசுடையதோ, இரண்டு குப்பி விலை மிச்சம்.

கதிர்வீச்சு இயந்திரமும் அப்படித்தான். கோடிகளில் வாங்கியது சும்மா இருந்தாலும் செலவுதான். முன்பு ஐந்து வாரம், 25 தடவை என்று இருந்ததை 15 ஆக்கினார்கள். 2020இல் பிரிட்டன் ஆய்வொன்று, பலருக்கு ஒரே வாரத்தில் 5 தடவை போதும் என்று காட்டியது. ஒரே இயந்திரம் ஐந்து மடங்கு பேரைப் பார்க்கலாம். தினக்கூலிப் பெண்ணுக்கோ நான்கு வாரச் சம்பளம் மிச்சம். தடவைக்கு இவ்வளவு என்று பில் போடும் இடங்களுக்கு மட்டும் இது கசக்கும்!

‘மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை கூட்டத்தை வைத்தே செலவைக் குறைக்கவில்லையா’ என்பார்கள். கண்புரை ஒரு நாளில் முடியும். இது மாதக்கணக்கில் நடக்கும் சிகிச்சை. கூட்டம் கூடிக் காத்திருப்பு நீண்டால் பாதியில் நிற்பவர்கள் அதிகமாவார்கள்.

ஆக, வல்லக்கோட்டைக்குத் தேவை இன்னொரு அறுவை அரங்கம் அல்ல. காஞ்சிபுரம் காரப்பேட்டையில் 1969 முதலே அண்ணா நினைவு அரசுப் புற்றுநோய் மருத்துவமனை இருக்கிறது. இங்கே வேண்டியது, கட்டியைக் கையால் சோதித்து, ஊசியால் மாதிரி எடுத்து, அங்கே அனுப்பித் தேதி வாங்கித் தரும் ஓர் இடம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஆலைகளுக்கே வரும் ‘தொழிலாளரைத் தேடி மருத்துவம்’ குழுவில், மார்பகப் பரிசோதனை தெரிந்த ஒரு நர்ஸம்மாவைச் சேர்த்தால் அதன் பாதி வேலை முடியும்.