மைக் ஊமையானால்...
குற்றவாளி யார்?

பாடகி பாட வந்து நிற்கிறார். வயலின், தபேலா, புல்லாங்குழல் எல்லாம் தயார். சிவப்பு விளக்கு எரிகிறது. பாட்டு தொடங்குகிறது.

ஆனால், கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்திருக்கும் ஒலிப்பதிவாளரின் காதில் ஒரு சத்தமும் விழவில்லை!

"மைக் போய்விட்டது" என்று ஒருவர் அதைத் தட்டுகிறார். இன்னொருவர் 'பூ, பூ' என்று ஊதுகிறார்.

இரண்டும் தவறு.

மெல்லிய சவ்வு

பாட்டுப் பதிவுக்குப் பெரும்பாலும் 'கண்டன்சர்' மைக்கைப் பயன்படுத்துகிறார்கள். அதன் உள்ளே ஒரு சவ்வு இருக்கிறது. அது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. குரல் பட்டதும் அது அதிர்கிறது. அந்த அதிர்வே மின்சாரமாக மாறி, ஒயர் வழியாக ஓடுகிறது.

ஊதினால் எச்சிலும் ஈரமும் சவ்வில் படியும். பிறகு 'சடசட' என்று இரைச்சல் வரும். ஈரம் பட்ட மைக்கை உலர்ந்த இடத்தில் சில மணி நேரம் வைத்தால், இரைச்சல் பெரும்பாலும் நின்றுவிடும்.

48 வோல்ட்

இந்த மைக் வேலை செய்ய மின்சாரம் வேண்டும். மிக்ஸர் கருவியில் அதற்குத் தனி சுவிட்ச் உண்டு. அதைப் போட மறந்தால் மைக் ஊமைதான்!

குரல் வரும் அதே ஒயரில் இந்த மின்சாரமும் கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. அதனால் இதற்குப் 'பேண்டம்' என்று பெயர். பேண்டம் என்றால் மாயாவி.

அதென்ன 48 வோல்ட்? 1966-ல் ஜெர்மனியின் நாய்மன் கம்பெனி, நார்வே வானொலிக்காகப் புது மைக் செய்தது. அந்த வானொலி நிலையத்தில் அவசர விளக்குகளுக்காக 48 வோல்ட் மின்சாரம் ஏற்கெனவே இருந்தது. அதையே மைக்குக்கும் கொடுத்தார்கள். அந்த அளவே நிலைத்துவிட்டது.

ஒயரைப் பாருங்கள்

சுவிட்ச் சரியாக இருந்தால், அடுத்த சந்தேகம் ஒயர் மீது. தினமும் அதைச் சுருட்டுகிறார்கள், இழுக்கிறார்கள், மிதிக்கிறார்கள். பிளக்குக்குள் பற்றவைத்த இடம் விட்டுப்போகிறது. வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

முதலில் ஒலிபெருக்கியின் சத்தத்தைக் குறைக்க வேண்டும். 48 வோல்ட் சுவிட்சை அணைக்க வேண்டும். இல்லாவிட்டால் 'டமார்' என்ற சத்தம் காதைப் பிளக்கும். பிறகு, நன்றாக இருக்கும் வேறு ஒயரை மாட்டி, சுவிட்சைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

அப்போதும் பேசவில்லையா? மிக்ஸரில் வேறு துளையில் மாட்ட வேண்டும். கடைசியில்தான் மைக்கை மாற்ற வேண்டும். ஒவ்வொன்றாக மாற்றுவது முக்கியம். எல்லாவற்றையும் ஒன்றாக மாற்றினால் குற்றவாளி அகப்படமாட்டான்!

பின்பக்கம் பாடினால்...

மைக் நன்றாக இருந்தும், குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்பதுண்டு. பெரிய மைக்குகள் பலவற்றுக்குக் காது உச்சியில் இல்லை, பக்கவாட்டில் இருக்கிறது. புதிதாக வருகிறவர்கள் தெரியாமல் அதன் பின்பக்கம் நின்று பாடிவிடுகிறார்கள். மைக்கைத் திருப்பி வைத்தால் போதும்.

லட்ச ரூபாய்க்கு மேல் விலையுள்ள மைக்குகள் உண்டு. சில நூறு ரூபாய் ஒயரின் குற்றத்துக்காக அதைக் கழற்றிப் பார்த்துக் கெடுத்தவர்களும் உண்டு.

இதோ, ஒயரை மாற்றியாகிவிட்டது. மீண்டும் சிவப்பு விளக்கு எரிகிறது. பாடகி பாடுகிறார். கண்ணாடிக்கு அப்பால் ஒலிப்பதிவாளர் தலையாட்டுகிறார்!